சேவைக் கட்டணம் வாங்கிய மேசையில் ரிப்ஸும் வைக்க வேண்டுமா? திருமலை உணவகங்கள் பற்றிய ஒரு விவாத இழை

உவர்மலையான்:

திருகோணமலையில் பரிமாறுபவருக்கு ரிப்ஸ், அதாவது பில்லுக்கு மேலாக விரும்பி விடும் காசு, வைக்கும் விடயத்தில் இரண்டு வழக்கங்கள் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. நகருக்குள் ஒரு சைவக்கடையில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு எழும்புகிறவர், பெருஞ்சீரகமும் கற்கண்டும் இட்ட சிறு தட்டில் வரும் மிச்சக்காசில் ஓர் இருபது ரூபாய்க் குற்றியை விட்டுவிட்டுப் போவார். விடாமல் போனாலும் எவரும் முகம் சுளிப்பதில்லை. அதே ஆள் நிலாவெளி வீதியால் சிறிது தூரம் போய் உப்புவெளிக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு அமர்ந்தால், பில்லின் அடியில் பத்து வீதச் சேவைக் கட்டணம் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். அதற்கு மேலும் ஏதாவது வைப்பார் என்ற எதிர்பார்ப்புடன் பில்லைக் கொண்டுவந்த தம்பி சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருப்பார்.

என்னுடைய நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேவைக் கட்டணம் அறவிடும் இடத்தில் நான் மேலதிகமாக ஒரு சதமும் வைப்பதில்லை. அந்தப் பத்து வீதம் பரிமாறியவருக்குப் போகிறது என்றால் அவருக்குரியதை நான் கொடுத்துவிட்டேன். போகவில்லை என்றால், அவருடைய பெயரைச் சொல்லி என்னிடம் காசு வாங்கிய முதலாளியிடம்தான் அவர் அதைக் கேட்க வேண்டும். விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு உறவினர்கள் அள்ளி வைத்துவிட்டுப் போவதால், ஊரில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் கவனிப்புக் குறைகிறது என்பதும் என் குற்றச்சாட்டு. இதைக் கஞ்சத்தனம் என்று என் மைத்துனர் சொல்கிறார். மாற்றுக் கருத்துள்ளவர்கள், குறிப்பாக இந்தத் தொழிலில் இருப்பவர்கள், எழுதினால் நன்று.

பேரேடு:

விவாதம் தொடங்குவதற்கு முன் பில்லைச் சரியாக வாசித்துக்கொள்வது நல்லது. பில்லின் அடியில் வரும் தொகைகளில் பெறுமதி சேர் வரி அரசாங்கத்துக்குப் போவது. 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். 2022 ஒக்டோபரில் தொடங்கிய 2.5 வீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் அரசாங்கத்துக்கே உரியது. சேவைக் கட்டணம் வரி அல்ல. அது உணவகம் தன் விலைப்பட்டியலோடு சேர்த்து வாங்கும் தொகை. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் அரசாங்கத்துக்குப் போகிற காசு" என்று சொல்லி எழும்பிப் போகிறவர்களைப் பல தடவை கண்டிருக்கிறேன். பத்தாயிரம் ரூபாய்ச் சாப்பாட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்பது சிறிய தொகை அல்ல; அது எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு.

இன்னொரு பக்கத்தையும் கவனிக்க வேண்டும். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2016இல் பத்தாயிரம் ரூபாயாகத் தொடங்கி, 2021இல் 12,500 ஆகி, 2024இல் 17,500 ஆகி, 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியில் 30,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். மேசையில் நீங்கள் வைக்கும் ரிப்ஸ் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. ஆகவே சம்பளத்தைக் குறைந்தபட்சத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, "மிச்சத்தை வாடிக்கையாளர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு முதலாளி நினைத்தால், இழப்பு இன்றைக்குத் தெரியாது. இருபது வருடம் ரிப்ஸை நம்பி வாழ்ந்தவர் ஐம்பத்தைந்தாவது வயதில் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதுதான் தெரியும். வாடிக்கையாளரின் தாராளம் முதலாளிக்கும் ஒரு சலுகையாகிவிடுகிறது என்ற அளவில் உவர்மலையான் சொல்வதில் பொருள் உண்டு.

நிலாவெளி இரவுப்பணி:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். ஹோட்டலின் பெயரைச் சொல்ல மாட்டேன். முன்பு வேலை செய்த இடங்களின் பெயர்களையும் சொல்ல மாட்டேன்.

சேவைக் கட்டணத்தைப் பெரிய ஹோட்டல்களில் புள்ளிக் கணக்கில் பிரிப்பார்கள். மாதம் முழுவதும் சேர்ந்த தொகையை எல்லா ஊழியர்களின் மொத்தப் புள்ளிகளால் வகுத்து, ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று எழுதி, ஊழியர் சாப்பாட்டறைச் சுவரில் ஒட்டுவார்கள். அனுபவமுள்ளவருக்குப் புள்ளி கூட, புதிதாகச் சேர்ந்தவருக்குக் குறைவு. உவர்மலையான் அண்ணா கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நீங்கள் கொடுக்கும் பத்து வீதம் உங்கள் மேசைக்கு மீன் கொண்டுவந்த எனக்கு மட்டும் வருவதல்ல. சமையற்காரர், பாத்திரம் கழுவுபவர், படுக்கை விரிப்பு மாற்றுபவர், தோட்டத்தில் தண்ணீர் விடுபவர், வாசற்காவலர் என்று எல்லோருக்கும் அது பிரிகிறது. அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால், "உனக்குரியதைக் கொடுத்துவிட்டேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்வது கணக்கில் பொருந்தாது.

அடுத்தது பருவம். கிழக்குக் கரையில் ஏப்ரல் முடிவிலிருந்து செப்டெம்பர் வரைதான் கடல் அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில் சேவைக் கட்டணப் பங்கு அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டிப் போவதும் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கினால் அறைகள் வெறுமையாகி, சுவரில் ஒட்டும் புள்ளிப் பெறுமதியைப் பார்க்கவே மனம் வராது. அதனால்தான் என்னோடு வேலை செய்யும் பொடியன்கள் பலர் நவம்பரில் பையைக் கட்டிக்கொண்டு ஹிக்கடுவைக்கும் மிரிஸ்ஸவுக்கும் போய்விடுகிறார்கள். தெற்கில் அப்போதுதான் பருவம் தொடங்கும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் எங்கள் பருவம் திறக்கவிருந்த வாரத்திலேயே நடந்தன. அதன் பின் கொரோனா, அதன் பின் 2022இல் எரிபொருள் வரிசை. அந்த வருடங்களில் பத்து வீதம் என்பது ஒன்றுமில்லாததன் பத்து வீதமாக இருந்தது.

நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில், உடைந்த குவளைகளுக்கும் கோப்பைகளுக்கும் என்று சேவைக் கட்டணத்திலிருந்து ஒரு பகுதியைக் கழித்துவிட்டே பிரிப்பார்கள். எத்தனை உடைந்தன என்று எவருக்கும் காட்டுவதில்லை. கேட்ட பையனுக்கு அடுத்த மாதம் இரவுக் கடமை மட்டுமே கிடைத்தது. ஆகவே, முதலாளியிடம் கேளுங்கள் என்று சொல்வது சுலபம்.

உவர்மலையான்:

விளக்கத்துக்கு நன்றி, தம்பி. புள்ளிக் கணக்கு எனக்குப் புதிய தகவல். ஆனால் கழிவைக் கேட்டவருக்குத் தண்டனை கிடைக்கிறது என்று நீங்களே எழுதியதுதான் என் வாதம்: அந்தப் பிழையை நான் மேசையில் வைக்கும் ஐந்நூறு ரூபாய் திருத்தாது, மூடித்தான் மறைக்கும்.

ரொறன்ரோ திருமலையான்:

வெளிநாட்டுக்காரர்தான் பழக்கத்தைக் கெடுக்கிறார் என்ற குற்றச்சாட்டுக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவனாக மறுமொழி எழுதுகிறேன்.

நாங்கள் அள்ளி வைப்பது பெருமைக்காக அல்ல, பயத்தில். வட அமெரிக்காவில் வைக்காமல் எழும்புவது பரிமாறியவரின் முகத்துக்கு நேரே செய்யும் அவமதிப்பாகக் கருதப்படுகிறது. அந்தப் பயம் விமானத்தில் எங்களோடு ஏறி உப்புவெளி வரை வருகிறது. அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. ரிப்ஸ் பெறும் ஊழியருக்கு மணித்தியாலத்துக்கு 2.13 டொலர் மட்டும் கொடுத்தால் போதும் என்று மத்திய சட்டம் 1991 முதல் அனுமதிக்கிறது. பொதுவான குறைந்தபட்சமான 7.25 டொலர் வரை மிச்சத்தை வாடிக்கையாளர்கள் வைக்கும் காசு நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால் முதலாளி ஈடு செய்ய வேண்டும். கலிபோர்னியா, வொஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் இந்த ஏற்பாட்டை ஏற்பதில்லை. ஆகவே அங்கே பல மாநிலங்களில் சாப்பிட வந்தவர்தான் சம்பளம் கொடுக்கிறார்.

அந்த நாட்டில் ஒரு காலத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. வொஷிங்டன் மாநிலம் 1909இல் ரிப்ஸைச் சட்டத்தால் தடை செய்தது; வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன; 1926க்குள் அந்தச் சட்டங்கள் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன. அதே காலத்தில் புல்மன் கம்பனியின் படுக்கைப் புகையிரதப் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினத்தவர்களுக்குச் சொற்பச் சம்பளமே கொடுக்கப்பட்டது. பயணிகள் கொடுப்பதைக் கொண்டு பிழைக்கட்டும் என்று கம்பனி விட்டிருந்தது. அவர்கள் 1925இல் ஏ. பிலிப் ரண்டோல்ஃபின் தலைமையில் சங்கம் அமைத்து, 1937இல்தான் கம்பனியோடு முதல் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். சிரித்த முகத்துக்குக் காசு என்ற முறை யாருடைய முதுகில் வளர்ந்தது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

நான் இருக்கும் ஒன்ராறியோவில், மதுபானம் பரிமாறுபவர்களுக்கென்று இருந்த குறைந்த சம்பள விகிதம் 2022 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டு, அவர்களும் மற்றவர்களைப் போலப் பதினைந்து டொலருக்கு உயர்த்தப்பட்டார்கள். சட்டம் மாறியதால் அட்டை இயந்திரம் நீட்டும் 18, 20, 22 என்ற தெரிவுகள் குறைந்தனவா என்றால், இல்லை. ஒரு தடவை வேர்விட்ட பழக்கம் அதன் காரணம் போன பின்பும் நிற்கிறது. திருமலையில் அது வேர்விட வேண்டாம் என்று உவர்மலையான் விரும்பினால், எங்களிடம் கோபிக்காமல், "இங்கே இவ்வளவு போதும்" என்று சாப்பிடப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் நிம்மதியாகக் கேட்டுக்கொள்வோம்.

மூதூர் ரீச்சர்:

காசைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். பரிமாறுபவரை எப்படி அழைக்கிறோம் என்பதையும் இந்த இழையில் பேசினால் நல்லது.

பருவ காலத்தில் நிலாவெளிப் பக்கம் எந்த உணவகத்துக்குப் போனாலும் என்னிடம் படித்த ஒரு பிள்ளை தட்டோடு வந்து நிற்பான். "ரீச்சர்" என்று சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்துவிடுவான். அடுத்த மேசையில் ஊர்க்காரர் ஒருவர் விரலைச் சொடுக்கி அவனையே "டேய்" என்று கூப்பிடுவார். மூன்று மொழிகளில் ஓடர் எடுத்து, எந்த மேசைக்கு நண்டு, எந்த மேசைப் பிள்ளைக்கு உறைப்பில்லாத சோறு என்று எழுதாமலே நினைவில் வைத்திருக்கும் ஒருவனை, அவன் கையில் தட்டு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருமையில் விளிக்கிறோம். அதே மனிதர் வங்கியில் அவனை விட வயது குறைந்த ஒருவரைக் கண்டால் "சேர்" என்கிறார். மலையகத்திலிருந்து வந்து இங்கே கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளோடு பேசும் தொனி இன்னும் மோசம். அதை நான் விரிக்க விரும்பவில்லை, வாசிக்கும் உங்களுக்கே தெரியும்.

அந்தப் பிள்ளைகளிலே சிலர் உண்மையிலேயே பிள்ளைகள் என்பது என் இன்னொரு கவலை. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பதினாறு வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பது சட்டவிரோதம். மேசை துடைக்கும் பையனைப் பார்த்து இரக்கப்பட்டு நூறு ரூபாய் கொடுப்பவர்கள், அவன் ஏன் பாடசாலையில் இல்லை என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த நூறு ரூபாய் அவனைக் கடையிலேயே நிறுத்தி வைக்கிறது.

உவர்மலையான் ஐயா ரிப்ஸ் வைப்பதும் வைக்காததும் அவருடைய விருப்பம். ஆனால் வைப்பவர்களிலும் ஒரு வகையினர் உண்டு: சாப்பிடும் நேரம் முழுவதும் அதட்டிவிட்டு, போகும்போது ஆயிரம் ரூபாய்த் தாளை எல்லோருக்கும் தெரியும்படி தட்டில் போடுவார்கள். அதை வாங்கிய என் மாணவன் ஒருவனிடம் பின்னர் கதைத்தபோது, "அந்த ஆள் திரும்பி வந்தால் வேறொருவனைத்தான் அனுப்புவேன், ரீச்சர்" என்றான்.

கிண்ணியா கடைக்காரன்:

அஸ்ஸலாமு அலைக்கும். முதலாளிமாரை எல்லோரும் சேர்ந்து கும்முவதால் ஒரு சிறிய முதலாளியும் எழுத வேண்டியிருக்கிறது.

ரீச்சர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்; என் கடையில் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் எவரும் இல்லை. ஆனால் கடற்கரை ஹோட்டலின் கணக்கைச் சிறிய சாப்பாட்டுக்கடைக்குப் பொருத்த முடியாது. நான் பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையை எழுதினால், அடுத்த நாள் என் வாடிக்கையாளர்கள் பாலத்தைத் தாண்டிப் போய்க் கொத்து ரொட்டி வாங்குவார்கள். விலையைக் கூட்டினாலும் அதே கதைதான். என் கடைக்கு வருகிறவர்கள் மீன்பிடிக்கிறவர்கள், வயல் செய்கிறவர்கள், ஓட்டோ ஓட்டுகிறவர்கள். பிளேன்ரீயின் விலையில் ஐந்து ரூபாய் ஏறினாலும் காரணம் கேட்பார்கள்.

என் அனுபவத்தில் ரிப்ஸ் தருகிற பெரிய தலையிடி வேறு. என் கடையில் மிகவும் கஷ்டமான வேலை கொத்துக்காரருடையது. மாலை ஆறு மணிக்கு இரும்புத் தட்டின் முன் நின்றாரென்றால் இரவு பதினொரு மணி வரை நகர முடியாது. கழுத்தில் போட்ட துவாயைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டு, இரண்டு தகட்டையும் கையில் இருந்து வைக்காமல் அடிப்பார். மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்புகள் வரிசையாக இருக்கும். அவருக்கு எவரும் ஐந்து சதம் கொடுப்பதில்லை, ஏனென்றால் அவர் மேசைக்கு வருவதில்லை. அவர் போட்ட கொத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுபோகிற பையனுக்குத்தான் மிச்சக்காசு. இதனால் இரண்டு பேருக்கும் சண்டை வந்து, ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவில், கடை நிரம்பி வழியும் நேரத்தில், கொத்துக்காரர் தகட்டை வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

அதற்குப் பிறகு ஒரு பால்மா தகரத்தில் துளை போட்டுக் காசு வாங்கும் மேசையில் வைத்தேன். யார் கொடுத்தாலும் அதற்குள்தான் போக வேண்டும். வியாழன் இரவு கடை பூட்டிய பின் எல்லோருக்கும் முன் கொட்டி எண்ணிச் சமமாகப் பிரிப்போம். எனக்கு அதில் பங்கு கிடையாது. தொழிலாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொல்கிறது மார்க்கம். கூலி என் பொறுப்பு, தகரம் அவர்களுடையது. இரண்டையும் நான் கலப்பதில்லை.

பேரேடு:

நானாவின் தகரம், பெரிய ஹோட்டல்கள் பலவற்றின் கணக்குப் பிரிவை விடத் தெளிவானது. எல்லோருக்கும் முன் கொட்டி எண்ணுகிறார் அல்லவா, அது போதும்.

பாரிஸ் பழையவன்:

கொத்துக்காரரைப் பற்றி வாசித்ததும் எழுதத் தோன்றியது. எண்பதுகளில் பாரிசுக்கு வந்த நம்மவர்களில் பலருடைய முதல் வேலை உணவகங்களில் கோப்பை கழுவுவதுதான், என்னுடையதும் அதுவே. சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால், மேசைகளில் சில்லறை வைக்கப்படுவதும் அதைப் பரிமாறுபவர் எடுத்துச் சட்டைப்பைக்குள் போடுவதும் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் அது வருவதில்லை.

ஆனால் பிரான்சில் அந்தச் சில்லறை மிகச் சிறியது என்பதையும் சொல்ல வேண்டும். உணவகத்தில் காட்டப்படும் விலைக்குள் சேவையும் அடங்கியிருக்க வேண்டும் என்பது 1987 முதல் இங்கே விதி. பட்டியலில் இருபது என்றிருந்தால் இருபதுதான் கொடுக்க வேண்டும்; விரும்பினால் ஒன்றிரண்டு குற்றிகளை விடலாம், விடாவிட்டால் ஒன்றுமில்லை. பரிமாறுபவர் உங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, சிரிப்பதும் இல்லை (பாரிசுக்கு வந்தவர்களுக்கு இது தெரியும்). அதற்காக அவரை எவரும் விரல் சொடுக்கிக் கூப்பிடுவதுமில்லை. சம்பளம் சம்பளமாக வரும் இடத்தில் மரியாதையும் தானாக வருகிறது என்பது நான் கண்டது.

உவர்மலையான்:

பாரிஸ் அண்ணர் சொன்ன முறையைத்தான் நான் கேட்கிறேன். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டல் வெளியிட்டது. உணவக உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டலைச் சரி என்று தீர்த்தது. அங்கே இப்போது கொடுப்பதும் கொடுக்காததும் சாப்பிட்டவரின் விருப்பம். இங்கேயும் அந்தப் பத்து வீதத்தை எடுத்துவிட்டு, விலையை நேர்மையாக எழுதட்டும்.

பேரேடு:

இரண்டும் ஒன்றல்ல, ஐயா. இந்தியாவில் நடந்தது கட்டணத்தைக் கட்டாயமற்றதாக்கியது. பிரான்சில் நடந்தது அதை விலைக்குள் வைத்தது. திருகோணமலையில் நாளைக்கே பத்து வீதத்தை வெட்டினால், விலை அதே அளவு ஏறி, ஏறிய தொகை சம்பளமாகிவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பருவத்துக்குப் பருவம் அந்தப் பங்கை நம்பிக் கடன் எடுத்து வீட்டுக்குக் கூரை போட்ட பையன்களின் கதி என்னவாகும்?

பிரித்தானியாவின் வழி நமக்குக் கிட்டியது. 2023இல் நிறைவேறி 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ரிப்ஸும் சேவைக் கட்டணமும் வரி தவிர வேறெந்தக் கழிவும் இல்லாமல் ஊழியருக்கே போக வேண்டும். அடுத்த மாத முடிவுக்குள் கொடுக்கப்பட வேண்டும். எப்படிப் பிரிக்கிறோம் என்பதை முதலாளி எழுத்தில் வைத்திருக்க வேண்டும். கணக்கை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். ஊழியர் கேட்டால் காட்ட வேண்டும். நிலாவெளித் தம்பி எழுதிய உடைந்த குவளைக் கழிவு அங்கே செல்லாது.

கட்டணத்தை ஒழிக்கச் சொல்லிக் கேட்பதை விட, கணக்கைச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கேட்பது பயனுள்ளது. சாப்பிட்ட பின் பொறுப்பாளரிடம், "இந்தச் சேவைக் கட்டணம் ஊழியர்களுக்கு எப்படிப் பிரிக்கப்படுகிறது?" என்று அமைதியாகக் கேளுங்கள். பரிமாறிய பையனிடம் கேட்காதீர்கள். முதலாளி காதில் விழும் தூரத்தில் அவன் உண்மை சொல்ல முடியாது.

ரொறன்ரோ திருமலையான்:

ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. உள்ளூர்க்காரருக்குக் கவனிப்புக் குறைகிறது என்பது உண்மையா?

நிலாவெளி இரவுப்பணி:

உண்மை. மழுப்பி எழுத விரும்பவில்லை. வெள்ளைக்காரர் இருவர் அமர்ந்த மேசைக்கும் உள்ளூர்க் குடும்பம் பத்துப் பேர் அமர்ந்த மேசைக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டி வந்தால், சிலர் முதலாவதற்குத்தான் போவார்கள். நானும் போயிருக்கிறேன். காசு ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் உவர்மலையான் அண்ணா கேட்க வேண்டும். அந்த இருவரும் வந்ததிலிருந்து எழும்பும் வரை நான்கு தடவை நன்றி சொல்வார்கள். குடும்ப மேசையில் ஒருவர் தண்ணீர் கேட்பார், கொண்டுபோனால் மற்றவர் தண்ணீர் கேட்பார், மூன்றாவது தடவை பெரியவர் "எவ்வளவு நேரம்?" என்று சத்தம் போடுவார். அவர்கள் போன பிறகு நண்டுக் கோதுகளை மேசைச்சீலையிலிருந்தும் கதிரை இடுக்கிலிருந்தும் பொறுக்கி, பிள்ளைகள் காலோடு கொண்டுவந்த மணலைக் கூட்டி, அடுத்தவருக்கு மேசை விரிக்க அரை மணித்தியாலம் வேண்டும். ரிப்ஸ் இல்லாததை விட அந்தச் சத்தம்தான் களைப்பு.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் எல்லோரும் வைப்பவர்கள் என்ற எண்ணம் பிழை. சேவைக் கட்டணத்தை வாசித்துவிட்டு உவர்மலையான் அண்ணாவைப் போலவே எழும்பிப் போகிறவர்கள் அவர்களிலும் நிறைய. கோணேசர் கோயிலுக்கு வந்துவிட்டுச் சாப்பிட வரும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ஐம்பது ரூபாயைக் கையில் பொத்தி, "தம்பி, தேத்தண்ணி குடி" என்று தந்துவிட்டுப் போவதும் உண்டு. அதை நான் தகரத்தில் போட மாட்டேன். கிண்ணியா நானா மன்னிக்க வேண்டும்.

கிண்ணியா கடைக்காரன்:

அந்த ஐம்பதுக்கு மன்னிப்பு உண்டு. ஐந்நூறுக்கு இல்லை.

மூதூர் ரீச்சர்:

ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் ஓகஸ்ட் மாதத்தில் கடற்கரை ஹோட்டலொன்றில் மதியச் சாப்பாடு ஒழுங்கு செய்கிறது. நாற்பது பேரளவில் வருவோம், பில்லில் சேவைக் கட்டணம் இருக்கும். அதற்கு மேல் ஏதாவது கொடுப்பதென்றால் யாரிடம் கொடுப்பது? அட்டையில் சேர்த்துக் கட்டலாமா?

நிலாவெளி இரவுப்பணி:

அட்டையில் சேர்க்காதீர்கள், ரீச்சர். அது ஹோட்டலின் கணக்குக்குப் போய், எங்களிடம் திரும்பி வரும் நாளைக் கணக்குப் பிரிவுதான் தீர்மானிக்கும். கியூ.ஆர். குறியீடும் முதலாளியின் கணக்குக்குத்தான். கொடுக்க விரும்பினால் பணத்தாளாகக் கொடுங்கள்; பெரிய தாள் மட்டும் இருந்தால் காசாளரிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், மாற்றித் தருவார்கள்.

நாற்பது பேருக்குச் சேவைக் கட்டணமே கணிசமான தொகையாக வரும். ஆகவே மேலதிகமாக வீதக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. தலைக்கு நூறு ரூபாய் சேர்த்தாலே நாலாயிரம். அதை இரண்டு உறைகளாகப் போடுங்கள்: ஒன்றில் சமையலறை என்று எழுதி, தலைமைச் சமையற்காரரை வெளியே கூப்பிட்டு அவர் கையிலேயே கொடுங்கள், மற்றதை, பரிமாறிய எல்லோரும் நிற்கும்போது பொறுப்பாளரிடம் கொடுத்து, இது இவர்கள் எல்லோருக்கும் என்று கேட்கும்படி சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தால் பிறகு பேச்சு வரும்.

இன்னொன்று. ஓகஸ்டில் ஞாயிறு மதியம் எல்லா இடமும் நிரம்பியிருக்கும். செவ்வாய் அல்லது புதன் என்றால் நாற்பது பேரையும் ஒரே நேரத்தில் அமர்த்திச் சூடாகப் பரிமாறலாம். எத்தனை பேர் சைவம் என்பதை இரண்டு நாள் முன்பே ஹோட்டலுக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.